கை பதிந்த பலகைகள்

"அண்ணாச்சி, உங்க சுவர்ல ஒரு கை இருக்கு. அதை எடுத்துட்டு வேற மாட்டித் தரணும்."

போனில் பேசியவர் பெயர் பூவனலிங்கம். நாகலாபுரத்துக்கு மேற்கே ஆடு வைத்திருக்கிறவர். செண்பகராஜ் அவருக்குச் சுவர் எதுவும் விற்றதில்லை.

"எங்கன வாங்குனீங்க?"

"வாங்கல. சோலார் கம்பெனிக்காரன் வேலி மாத்துனாம்லா, பழசை அள்ளிட்டுப் போங்கன்னுட்டான். ஆட்டுப்பட்டிக்கு ஆகும்னு கொண்டாந்து மாட்டிட்டேன். தூண்ல உங்க நம்பர் போட்டிருந்துச்சு."

"கை எந்தப் பக்கம் பாத்திருக்கு?"



"இது என்ன கேள்வி அண்ணாச்சி? உள்பக்கம். ஆட்டைப் பாத்து."

"நாளைக்கு வாரேன்," என்று செண்பகராஜ் போனை வைத்தான்.

அடுப்படி வாசலில் மனைவி ராதாமணி நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள்.

"எத்தனை?"

"ஒன்னுதான்."

"அப்ப எல்லாம் வந்துட்டா?"

ஒவ்வொரு முறையும் அவள் கேட்பது இதைத்தான்.

கோவில்பட்டிக்குத் தெற்கே, பைபாஸை ஒட்டி, செண்பகராஜ் ரெடிமேட் காம்பவுண்ட் சுவர் போட்டுக் கொடுக்கிறான். வீடும் பட்டறையும் ஒரே இடத்தில். கரிசல் மண்ணில் செங்கல் சுவர் நிற்காது. கோடையில் மண் வெடிக்கும், மழைக்கு ஊதும், சுவர் நடுவில் பிளந்துகொள்ளும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவன் இந்த முறைக்கு வந்தான். மூன்றே உருப்படிகள். நடுத்தூண், மூலைத்தூண், பலகை. தூணின் இரண்டு பக்கமும் நீளப் பள்ளமாகக் காடி உண்டு. தூணை நட்டு, மேலிருந்து பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் காடிக்குள் இறக்கினால் சுவர். மண் அசைந்தால் பலகையும் கூட அசையும், உடையாது. சுவர் வேண்டாம் என்றால் கழற்றி வேறு இடத்தில் மாட்டலாம். அதே மூன்றை வைத்துக் கழிப்பறை கட்டலாம், பட்டி கட்டலாம், வைக்கோல் அடைக்கலாம். எந்தப் பலகையும் எந்தத் தூணுக்கும் பொருந்தும். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் அவன் வியாபாரம் செய்தான். பொருந்துவதற்காக எத்தனையோ மாதம் அளவுகளோடு மல்லுக்கட்டியிருந்தான். ஒரு பலகைக்கும் இன்னொரு பலகைக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது. பலகையில் எண் கிடையாது, அடையாளம் கிடையாது. அதுதான் அதன் அழகு என்று நினைத்தான்.

பலகைக்கு மூலமாதிரி ஒன்றைப் பிளாஸ்டர் மாவில் அவனே செய்தான். கல்வரிசை போன்ற கோடுகள். அதன்மேல் ஃபைபர் பூசி அச்சுகள் எடுத்தார்கள். கடைசி அச்சு எடுக்கும் முன் மாதிரியில் ஒரு மூலை பெயர்ந்துவிட்டது. மாவு குழைத்து ஒட்டினான். ஈரம் காய்வதற்குள் மகள் கிருஷ்ணப்ரியா வந்து வலது கையை வைத்து அமுக்கிவிட்டாள்.

"ஏட்டி!" என்று கத்தினான்.

"அது நானு," என்றாள் அவள். அழிக்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம்.

அழிக்கவில்லை. சுவரில் ஒரு ஓரத்தில் சின்னக் கை. யார் பார்க்கப் போகிறார்கள்? அந்த அச்சிலிருந்து வந்த ஒவ்வொரு பலகையிலும் கை வந்தது. மற்ற அச்சுகளின் பலகைகளோடு கலந்து அடுக்கப்பட்டது. கலந்து ஏற்றப்பட்டது. சோலார் வேலிகளுக்கும், மிளகாய் மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளுக்கும், பிளாட் போட்ட நிலங்களுக்கும் போனது.

அந்த வருடமே, ஆறு வயதில், அவள் காய்ச்சலில் இறந்தாள். கார்த்திகை மாதம், தூறல் விடாத வாரம்.

அதற்குப் பிறகு ஒரு கோடையில் ராதாமணி தன் தங்கை வீட்டுக்கு விளாத்திகுளம் பஸ்ஸில் போனாள். வழியில் ஒரு நிறுத்தத்தில் ஜன்னலுக்கு நேரே சுவர். சுவரில் கை. பஸ் நகர்ந்துவிட்டது. அவள் கத்தி நிறுத்தச் சொல்லி இறங்கினாள். தகவல் கிடைத்து செண்பகராஜ் போய்ச் சேர்ந்தபோது அவள் அந்தச் சுவரைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டு உச்சிவெயிலில் நின்றிருந்தாள்.

"எம்புள்ளைய ஊர் ஊரா வெயில்ல நிறுத்தி வச்சிருக்கீங்க," என்றாள்.

அன்றே அந்த அச்சை உடைத்தான். அந்தச் சுவரிலிருந்த பலகையை உருவி எடுத்துவிட்டு வேறு ஒன்றை இறக்கினான். சுவருக்கு உரியவர் வேடிக்கை பார்த்தார். மற்றதையும் அப்படியே எடுத்து வரலாம் என்று செண்பகராஜ் சொன்னான். எளிய வேலைதானே. கழற்றி மாட்டுவதற்கென்றே செய்தது.

போட்ட இடங்களுக்கெல்லாம் போனான். கை இருந்த பலகையை எடுத்துக்கொண்டு கையில்லாத பலகையை வைத்தான். வீட்டுக்குப் பின்னால், வெயில் படாத இடத்தில், கை கீழே பார்க்க அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, மேலே கல்லை ஏற்றினான். ஆனால் சுவர்கள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஒருவன் கழற்றி இன்னொருவனுக்கு விற்றிருந்தான். அவன் பாதியைத் தம்பிக்குக் கொடுத்திருந்தான். கைப்பலகை எத்தனை வார்த்தான் என்று செண்பகராஜுக்கே தெரியாது. எது எங்கே போனது என்று சொல்ல, ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருந்திருக்க வேண்டும்.

ராதாமணி வெளியே போவதை நிறுத்தினாள். தங்கை பிள்ளைக்குக் காது குத்து. "எல்லாம் வந்த பொறவு போவோம்." கண்ணில் புரை. ஆஸ்பத்திரிக்குப் போகணும். "எல்லாம் வந்துரட்டும்." தலை வாருவது, மஞ்சள் பூசுவது, நாலு பேரோடு பேசுவது, எல்லாமே எல்லாம் வந்த பிறகுதான். பின்வாசல் பக்கம் பாயைப் போட்டு, தார்ப்பாயைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

ஒரு முறை செண்பகராஜ் பொய் சொன்னான். "இதுதான் கடைசி. முடிஞ்சிட்டு." அவள் எழுந்து உட்கார்ந்தாள். தலைக்கு எண்ணெய் கேட்டாள். அடுத்த வாரமே எட்டயபுரத்திலிருந்து ஒருத்தர் வண்டியில் பலகையைக் கட்டிக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, இந்தக் கை வச்சதை நீங்க வாங்கிக்கிடுவீங்களாமே," என்று வாசலில் இறக்கினார். அவள் மறுபடி பாயில் சாய்ந்தாள். அதன் பிறகு அவன் எது சொன்னாலும் நம்புவதில்லை.

எல்லாம் வந்துவிட்டது என்று மெய்யாகவே ஒரு நாள் சொல்ல முடிந்தால் அவள் எழுந்துவிடுவாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவன் போன் வந்த இடங்களுக்கெல்லாம் ஓடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் குட்டியானை வண்டியில் ஒரு பலகையை ஏற்றிக்கொண்டு போனான். பூவனலிங்கத்தின் பட்டி ஊருக்கு வெளியே, உளுந்து எடுத்த வெறுங்காட்டில், வீட்டை ஒட்டி இருந்தது. உச்சிவேளை. காக்கை குருவி இல்லை. மண் வாய் பிளந்து கிடந்தது.

அந்நேரம் ஆடுகள் மேய்ச்சலில் இருக்க வேண்டும். பட்டியில்தான் இருந்தன. அத்தனையும் ஒரே மூலையில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாத குறையாக, சுவரைப் பார்த்து நின்றன. சத்தம் போடவில்லை. அதுதான் அவனுக்கு என்னவோ செய்தது. இவ்வளவு வெள்ளாடுகள் கத்தாமல் நின்று அவன் பார்த்ததில்லை.

"பாத்தீங்கல்லா?" என்றார் பூவனலிங்கம். "காலையில மேய்ச்சலுக்குப் பத்துனா கால் நகர மாட்டேங்கு. அங்கன போயி முகத்தைக் குடுத்துக்கிட்டே நிக்கு. ரெண்டு வருசமா இப்படித்தான். இப்ப ரொம்ப முத்திப் போச்சு. எனக்கும் அந்தப் பக்கம் முதுகு காட்டி உக்கார முடியல."

"என்ன செய்யுது?"

"ஒன்னும் செய்யல. அதான் பயமா இருக்கு."

செண்பகராஜ் ஆடுகளை விலக்கிக்கொண்டு போனான். கீழிருந்து இரண்டாவது பலகை. கை அங்கே இருந்தது.

தன் கையை அதன்மேல் வைத்தான். பலகை எடுக்கும்போதெல்லாம் வைப்பான். மகளின் கை அவனுடைய விரல்களின் நடுக்கணுவரைதான் வரும். எத்தனையோ பலகைகளில் வைத்துப் பார்த்து அந்த அளவு அவன் கைக்கே தெரியும்.

இது நடுக்கணுவைத் தாண்டியிருந்தது.

கையை எடுத்தான். மறுபடி வைத்தான். விரல்கள் நீண்டிருந்தன. உள்ளங்கை அகன்றிருந்தது. கட்டைவிரலின் அடியில் சதை வைத்ததுபோல் ஆழம். மழுங்கவில்லை, சிதையவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையின் கை. இருந்திருந்தால் இப்போது அவளுக்கு அந்த வயதுதான்.

"என்ன அண்ணாச்சி, பேயறைஞ்ச மாதிரி நிக்கீங்க? தண்ணி குடிக்கீங்களா?" பூவனலிங்கம் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏட்டி வள்ளி! செம்புல மோர் கொண்டா!"

அவர் மனைவி வள்ளித்தாய் மோர் கொண்டுவந்தாள். பூவனலிங்கம் கடப்பாரை எடுக்கப் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"எடுக்கப் போறீங்களா?"

"உங்க வீட்டுக்காரர்தான் சொன்னார்."

"அவுகளுக்கு ஒன்னும் தெரியாது. ஆட்டைச் சொல்லிக் குத்தமில்ல, நாந்தான்." முந்தானையைக் கையில் சுற்றினாள். "கொண்டாந்து மாட்டுன அன்னைக்குப் பாத்தேன். சின்னப்புள்ள கை. நீட்டிக்கிட்டே இருக்கு. வெறுங்கையா எப்படி விட? வீட்டுல என்ன இருந்துச்சு? ரெண்டு கல் உப்பை நனைச்சு அதுல தேய்ச்சுவிட்டேன். பொறவு தெனமும் பழகிட்டு. ஆடு வந்து நக்கும். நக்கட்டும், அதுக்கும் சந்தோசம்தானேன்னு விட்டேன்."

செண்பகராஜ் மூச்சு விட்டான். அதுதான் விஷயம். உப்பு. ஆட்டு நாக்கு அரம் மாதிரி. கலவை கொஞ்சம் இளக்கமாக இருந்திருக்கும், தேய்ந்திருக்கிறது. அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"யாரு கை அது?" என்றாள் வள்ளித்தாய்.

"எம்மக கை."

"இப்ப என்ன படிக்கா?"

அவன் மோர்ச்செம்பைக் கீழே வைத்தான்.

மேல் பலகைகளைத் தூக்கி வைத்துவிட்டு, கைப்பலகையை உருவி, கொண்டுவந்ததைக் காடியில் இறக்கினான். சரியாக உட்கார்ந்தது. ஆடுகள் புதுப் பலகையை மோந்து பார்த்தன. ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வெளியே போயின. போகும்போதுதான் கத்தத் தொடங்கின.

வண்டியை எடுக்கும்போது வள்ளித்தாய் ஓடிவந்து ஒரு பொட்டலத்தை உள்ளே நீட்டினாள்.

"உப்பு. அங்கன போனாலும் வச்சுவிடுங்க. அதுக்குப் பழகிட்டு."

வீட்டில் ராதாமணி ஈரத்துணியோடு காத்திருந்தாள். வரும் பலகை ஒவ்வொன்றையும் முதலில் முகம் துடைப்பதுபோல் துடைப்பாள். துடைத்தாள். கையை வைத்தாள். எடுக்கவில்லை.

"வளந்திருக்கா," என்றாள்.

"ராதா, இங்க பாரு. அது ஆடு நக்கித் தேஞ்சது. அந்தம்மா தெனமும் உப்பு தடவியிருக்கு, அதை நக்கி நக்கி..."

"உப்பு வச்சாளா?"

"ஆமா. அதான் சொல்லுதேன். வேற ஒன்னுமில்ல."

"யாரோ ஒருத்தி உப்பு வச்சிருக்கா," என்றாள் ராதாமணி. "நாம என்ன வச்சோம்?"

அவள் பின்பக்கம் போனாள். தார்ப்பாயை இழுத்துப் போட்டாள். ஒரு பலகையைத் தனியாக நிமிர்த்தப் பார்த்தாள், முடியவில்லை. அவன் போய்ப் பிடித்தான். ஒவ்வொன்றாக நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார்கள். எல்லாக் கைகளும் ஒரே அளவில் இருந்தன. அச்சில் வார்த்தது வார்த்தபடி.

"பாருங்க. எல்லாம் ஆறு வயசுலயே நிக்கா. வெயிலு வெயிலுன்னு கூட்டியாந்து, குப்புறப் போட்டு, மேல கல்லு ஏத்தி..." அவள் குரல் உடையவில்லை. கணக்கில் தப்பைக் கண்டுபிடித்தவள்போல் பேசினாள். "நாமதான வளரவிடாம வச்சிருக்கோம்."

"ஆடு நக்குனா கல்லு தேயும். அதுக்குப் பேரு வளர்றதா?"

"தேயாம எது வளந்துச்சு? நான் தேஞ்சுதான அவ வளந்தா?"

மறுநாள் காலையில் அவள் தலைக்குக் குளித்திருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருந்தாள். இதற்காகத்தான் இத்தனை காலம் ஓடினான். இந்த வழியாக வரும் என்று நினைக்கவில்லை.

இடைசெவல் பக்கம் அவளுக்குத் தாய்வீட்டுப் பங்காக வந்த கரிசல் துண்டு ஒன்று தரிசாகக் கிடந்தது. அங்கே ஒரு பட்டி கட்டச் சொன்னாள். எல்லாக் கைகளும் உள்ளே பார்க்க வேண்டும். ஆட்டின் வாய் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். செண்பகராஜ் தூண்களை நட்டான். முதல் வரிசைக்கு வெறும் பலகை, இரண்டாவதற்குக் கைப்பலகை, அதற்குமேல் வெறும் பலகை. அவனுடைய முறை எதையும் கேள்வி கேட்கவில்லை. கேட்டதைக் கட்டிக் கொடுத்தது.

ஆடு வேண்டுமே? கிடை போடச் சொல்லலாம் என்றாள். காட்டுக்கு எரு வேண்டும் என்றால் ஆட்டுக்காரர்களைக் கூப்பிட்டு ராத்தங்க வைப்பது வழக்கம்தான். நாகலாபுரத்துக்கு அவளே அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பூவனலிங்கம் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் துண்டை உதறினார்.

"அண்ணாச்சி, ஒரு கையை எடுங்கன்னு சொன்னதுக்கு, சுத்தி நாலு பக்கமும் கையா வச்சு அதுக்குள்ள என்னையப் படுக்கச் சொல்லுதீங்களா?"

"ஏன், அந்தக் கை உங்களை அடிச்சுச்சா?" என்றாள் வள்ளித்தாய்.

"அடிச்சாக்கூடத் தேவலையே!"

"நீங்க வெளிய வேப்பமரத்துல படுங்க. ஆடு உள்ள படுக்கும். உங்களை யாரு நக்கக் கூப்பிட்டா?"

ராதாமணி சிரித்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு செண்பகராஜ் அந்தச் சிரிப்பைக் கேட்டான். அதற்குமேல் அவனால் எதையும் மறுத்துப் பேச முடியவில்லை.

ஆடுகள் வந்தன. ராதாமணி சாயங்காலம்தோறும் பஸ் ஏறிப் போய் ஒவ்வொரு கையிலும் உப்பு வைத்துவிட்டு வந்தாள். கிடை வேறு காட்டுக்குப் போகும் நாள் வந்தபோது இன்னும் கொஞ்சம் இருங்கள் என்றாள். பூவனலிங்கமும் பழகிவிட்டார். ராதாமணி கண்ணை ஆபரேஷன் செய்துகொண்டாள். தங்கை வீட்டுக்குப் போனாள். வந்தவர்கள் எல்லோரும் செண்பகராஜிடம் ஒன்றையே சொன்னார்கள். "மதினி தேறிட்டாக. சாமிதான் கண்ணைத் தொறந்திருக்கு."

ஐப்பசியில் மழை பிடித்தது. கரிசல் ஊதியது. பட்டியின் தூண்கள் எல்லாம் லேசாக உள்பக்கம் சாய்ந்தன. அவன் போட்ட சுவர்கள் ஏதாவது ஒரு பக்கம் சாய்வது உண்டு. நாலு பக்கமும் உள்ளே சாய்ந்தது இது ஒன்றுதான்.

ராதாமணி இரவுச் சோற்றின்போது பேசுவாள். வாசல் பக்கத்து மூலையில் இருக்கிறவள் சீக்கிரம் வளருகிறாள். வடக்கே இருக்கிறவளுக்கு உப்பு பிடிக்கவில்லை, ஆடு போவதில்லை, அவள் மட்டும் அப்படியே நிற்கிறாள். செண்பகராஜ் சோற்றைப் பிசைவான். தனக்கு ஒரு மகள்தான் என்று சொல்ல நினைப்பான்.

தையில் ராதாமணி உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். அவன் வண்டியில் வெறும் பலகைகளை ஏற்றிக்கொண்டு, கடப்பாரையோடு பட்டிக்குப் போனான். யோசித்து வைத்திருந்தான். எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். அவள் கத்துவாள், அழுவாள், பிறகு அடங்குவாள். இல்லாவிட்டால் அவள் போய்க்கொண்டிருக்கிற இடத்திலிருந்து திரும்பி வரமாட்டாள்.

உச்சிவேளை. ஆடுகள் மேயப் போயிருந்தன. பட்டிக்குள் நின்று சுற்றிப் பார்த்தான். கைகள் இப்போது ஒரே அளவில் இல்லை. ஆறு வயது. ஏழு. எட்டு. ஒன்று பத்தைத் தொட்டிருக்கும். ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வளர்ந்ததுபோல் இருந்தது.

வாசல் மூலையில் இருந்த கைப்பலகையின் மேலிருந்த பலகைகளை இறக்கினான். பலகையைத் தூக்கப் பிடி வேண்டும். எப்போதும் அந்தக் கைக்குழியில் விரலைக் கொடுத்துத்தான் தூக்குவான். முன்பு விரல் நுனிகள்தான் போகும். இப்போது விரல்கள் முழுவதுமாகப் போயின. கல்லெல்லாம் சுட்டது. அந்தக் குழிக்குள் சுடவில்லை. ஆட்டின் எச்சில் ஈரம் காய்ந்திருக்காது என்று சொல்லிக்கொண்டான். ஆடுகள் காலையிலேயே போய்விட்டிருந்தன.

தூக்கினான். பலகை கனக்கவில்லை. கீழே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கை கொடுத்து எழுப்பும்போது, அவர்களும் காலை ஊன்றி எழுவார்களே, அப்படி வந்தது.

விட்டுவிட்டான். பலகை காடிக்குள் இறங்கி உட்கார்ந்தது.

வேப்பமரத்தடியில் வெகுநேரம் இருந்தான். பலகைகளை எடுத்துவிட்டால் ராதாமணி பாயில் போய்ப் படுப்பாள். அது அவனுக்குத் தெரியும். ஆனால் இப்போது அவன் எழுந்து அந்தப் பக்கம் போகாமல் இருந்தது ராதாமணிக்காக இல்லை. அதுவும் தெரிந்தது. மேல் பலகைகளை மறுபடி ஏற்றிவைத்துவிட்டு, கொண்டுவந்த வெறும் பலகைகளோடு திரும்பினான்.

கல்யாணத்திலிருந்து வந்த ராதாமணி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"காட்டுக்குப் போனீங்களா?"

"ம்."

"மூத்தவளைப் பாத்தீங்களா? வாசல்கிட்ட."

"பாத்தேன்," என்றான்.

அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

மாசியில் ஒரு நாள் அவன் டவுனுக்குக் கிளம்பும்போது ராதாமணி ஒரு ஈர்க்குச்சியைக் கொடுத்தாள். வாசல் மூலைக் கையில் வைத்து அளவாக ஒடித்திருந்தாள்.

"பௌசியா கடையில கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கிட்டு வாங்க. பச்சையும் சிவப்பும் கலந்து. இதுதான் அளவு."

அவன் குச்சியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வழியில் இரண்டு முறை எடுத்துப் பார்த்தான். ஒடித்துப் போட்டுவிடலாம். கடை பூட்டியிருந்தது என்று சொல்லலாம்.

கடை திறந்திருந்தது. பௌசியா புதிதாக வந்து கடை வைத்திருக்கிறவள். அவனுடைய வீட்டுக்கதை அவளுக்குத் தெரியாது. குச்சியை வாங்கி, வளையல் ஒன்றின் உள்ளே குறுக்காக வைத்துப் பார்த்தாள். எடுத்து அடுத்ததில் வைத்தாள்.

"யாருக்கு அண்ணே?"

கடைக்கு வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி போனது. போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கேட்டதை மறந்திருப்பாள் என்று நினைத்தான்.

"யாருக்கு? மகளுக்கா?"

"ஆமா," என்றான் செண்பகராஜ். "மகளுக்கு."

"எங்க படிக்கா?"

"இங்கன இல்ல. இடைசெவல் பக்கம்."

"ஹாஸ்டலா?"

"ம்."

"அளவு குச்சி எப்ப எடுத்தது?"

"போன வாரம்."

பௌசியா இரண்டு வளையல்களைக் கண்ணாடிமேல் வைத்தாள். ஒன்று குச்சிக்குச் சரியானது. மற்றது அதற்கடுத்த அளவு.

"இந்த வயசுல கை சட்டுனு பெருத்துரும் அண்ணே. நீங்க கொண்டுபோய்க் குடுக்கதுக்குள்ள பத்தாமப் போயிரும். எது கட்ட?"

அவன் இரண்டையும் கையில் எடுத்தான். ஒவ்வொன்றாக விரல்களில் ஏற்றிப் பார்த்தான். பிறகு சின்னதைத் திருப்பிக் கொடுத்தான்.

"பெருசையே கட்டுங்க," என்றான்.